அடிப்பக்கக் கவுச்சிங்: தங்க இழை உரிகிறது, துணி சுருங்குகிறது. எங்கே தவறு?

ஊசிக்கண்:

இங்கிலாந்தின் இடைக்காலத் திருவுடைகளில் வரும் ஓபஸ் ஆங்கிலிகானம் என்ற தங்க, பட்டு எம்பிராய்டரியைச் சின்ன அளவில் செய்துபார்க்கிறேன். தங்கநூலை மேலே கிடத்தி, அடியிலுள்ள நூலால் சின்னச் சின்னக் கண்ணிகளாகத் துணிக்குள் இழுத்துக் கட்டும் அடிப்பக்கக் கவுச்சிங்தான் அதில் முக்கியம். ஸ்டோலா (குரு கழுத்தில் போடும் நீளப் பட்டை) நுனியில் வைக்கும் துண்டு, 10 செ.மீ. சதுரம். நடுவில் ஓர் அப்போஸ்தலரின் தலை, சுற்றிலும் தங்கப் பின்புலம். மாதிரிக்கு எடுத்துக்கொண்டது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ள சியோன் கோப் என்ற திருவுடை மேலங்கி.

பயன்படுத்தும் சாமான்: ஒற்றை அடுக்கு காட்டன் கேஸ்மென்ட், 8 அங்குல வளையம், சாதாரண மெட்டாலிக் சரிகை, அடியில் பாலியெஸ்டர் தையல்நூல், முகத்துக்கு ஆங்கர் நூலில் இரண்டு இழை.

அடிநூலை இழுத்தால் சரிகை துணிக்குள் இறங்குவதில்லை. பலமாக இழுத்தால் இறங்குகிறது, ஆனால் மேல்தகடு உரிந்து உள்நூல் தெரிகிறது. நாலைந்து வரிசை போனதும் துணி சுருங்கி முகம் கோணுகிறது. இழுத்த கண்ணிகளில் பாதி மறுபடி மேலே எழும்பிவிடுகின்றன. இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் சரிகையை மேலே கிடத்தி, மேலிருந்தே தைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? முகத்தில் இருப்பது செயின் ஸ்டிச்தானே, ஆரி ஊசியில் போட்டுவிடலாமா?

லினன்பித்தன்:

உங்கள் கை சரியாகத்தான் போகிறது. சாமான்தான் எல்லாமே தப்பு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் துணி. அந்தக் காலத்து வேலையில் பெரும்பாலும் லினன், அதுவும் இரண்டு அடுக்கு: மேலே நெருக்கமாக நெய்த மெல்லிய லினன், கீழே கொஞ்சம் முரட்டு லினன். இழுத்த தங்கக் கண்ணி மறுபடி எழும்பாமல் பிடித்துக்கொள்வது துணியின் நெசவுதான். கேஸ்மென்ட்டின் இழைகள் விலகிக் கொடுத்துவிடும், ஊசி போட்ட ஓட்டை திரும்ப மூடாது. அதனால்தான் கண்ணி மேலே வருகிறது. லினன் இழை விறைப்பானது. ஊசி விலக்கிய இடம் திரும்பக் கூடி கண்ணியைக் கவ்விக்கொள்ளும்.

இரண்டாவது, அடிநூல். பாலியெஸ்டர் இழுக்கும்போது நீளும், கை விட்டதும் சுருங்கும். துணியைச் சுருக்குவது அதுதான். நீளாத, முறுக்கேறிய லினன் நூல் வேண்டும், தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்து எடுத்தது. லினன் நூல் கிடைக்காவிட்டால் நல்ல முறுக்குள்ள காட்டன் குயில்டிங் நூலை மெழுகிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் 40 செ.மீ.க்கு மேல் நீளமாக எடுக்காதீர்கள். ஒரே நூல் நூறு ஓட்டைக்கு மேல் உரசிப் போகிறது, கடைசியில் தேய்ந்து அறும்.

மூன்றாவது, சரிகை. இதுதான் பெரிய தவறு. பிளாஸ்டிக் தகட்டுச் சரிகை ஸ்பிரிங் மாதிரி நிமிரும், மடிந்து நிற்காது. அந்தக் காலத்துத் தங்கநூல் என்பது தங்கமுலாம் பூசிய வெள்ளித் தகட்டை மெல்லிய நாடாவாக வெட்டி, பட்டு உள்நூலின் மேல் சுற்றியது. உலோகம் என்பதால் மடக்கின இடத்தில் மடங்கி நிற்கும். நம் ஊரில் காஞ்சிப் பட்டுக்குப் போகும் அசல் சரிகையின் அமைப்பும் கிட்டத்தட்ட அதேதான்: பட்டு நூல் மேல் வெள்ளித் தகடு, அதன்மேல் தங்கமுலாம். ஆனால் நெசவுச் சரிகை ரொம்ப மெல்லிசு. மூன்று நான்கு இழை சேர்த்து லேசாக முறுக்கித்தான் போடவேண்டிவரும். கோல்ட்வொர்க் கடைகளில் 'ஸ்மூத் பாஸிங்' என்று விற்பார்கள், அதில் ஆறாம் நம்பர் நேரடியாகவே பொருந்தும். ஜப்பான் தங்கநூலை மட்டும் வாங்காதீர்கள். அதில் தகடு காகிதத்தின்மேல் ஒட்டியிருக்கும், ஓட்டைக்குள் இழுத்த மாத்திரத்தில் காகிதம் கிழியும்.

வளையம் வேண்டாம். நான்கு பக்கமும் கயிறு கட்டி இழுக்கும் ஃப்ரேம் வேண்டும். ஆரி ஸ்டாண்டே போதும். விரலால் தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு இறுக்குங்கள், அரைமணிக்கொருமுறை கயிற்றைத் திரும்ப இறுக்குங்கள். வளையத்தில் துணி மூலைவாட்டில் இழுபடும், முகம் கோணுவது அங்கேதான் தொடங்குகிறது.

இனி தையல். தங்கநூல் மேலே கிடக்கும், மெழுகிட்ட நூல் அடியில். ஊசியைக் கீழிருந்து தங்கநூலுக்கு ஒட்டினாற்போல் மேலே கொண்டுவாருங்கள். தங்கநூலைத் தாண்டி, வந்த அதே ஓட்டையிலேயே கீழே இறக்குங்கள். அதே ஓட்டை என்பது முக்கியம். ஒரு இழை தள்ளி இறக்கினால் அது சாதாரண மேல்பக்கக் கவுச்சிங் ஆகிவிடும், எவ்வளவு இழுத்தாலும் தங்கம் இறங்காது. இப்போது இடது கையால் தங்கநூலை மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அடியில் நேர்க்குத்தாக இழுங்கள். சாய்த்து இழுத்தால் தகடு ஓட்டையின் விளிம்பில் உரசி உரியும். ஒரு சின்ன 'டக்' விரலில் தெரியும். கண்ணி இறங்கிவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள். அடியில் ஒரு மில்லிமீட்டருக்குள் தங்கக் கண்ணி தலைகாட்டினால் போதும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழுத்தால் தங்கமும் வீண், துணியும் சுருங்கும். அடுத்த புள்ளி 3 முதல் 4 மி.மீ. தள்ளி. வரிசை முடிந்து திரும்பும் இடத்திலும் ஒரு கண்ணி இறக்கித்தான் திருப்பவேண்டும். அப்போதுதான் ஓரம் கூர்மையாக நிற்கும்.

ஊசி மெல்லிசாக இருந்தால் ஓட்டை போதாது. மடங்கிய தங்கநூல், அதாவது இரட்டைப் பருமன், நுழையவேண்டும். செனில் ஊசி 24 அல்லது 22 எடுத்து முதலில் ஓரத்தில் சோதியுங்கள். இழுக்கும்போது தகடு உரிகிறதென்றால் ஒரு அளவு தடித்த ஊசிக்கு மாறுங்கள் (நம்பர் குறையக் குறைய ஊசி தடிக்கும்), பலத்தைக் கூட்டாதீர்கள்.

மேலிருந்தே தைத்தால் என்ன என்று கேட்டீர்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு ஒன்றும் குறையாது. உடுத்துகிற துணிக்குக் குறையும். அடிப்பக்கக் கவுச்சிங்கில் கண்ணி இறங்கிய ஒவ்வொரு புள்ளியும் ஒரு கதவுக் கீல். தங்கத்தால் மூடிய துணி அந்தப் புள்ளிகளில் மடங்கிக் கொடுக்கும், தோளிலிருந்து வழிந்து விழும். மேல்பக்கக் கவுச்சிங்கில் அதே அளவு தங்கம் வைத்தால் பலகையாக நிற்கும். இன்னொன்று: கட்டும் நூல் அடியில் மறைந்திருப்பதால் உரசலுக்கு அகப்படாது. மேலே தைத்தால் முதலில் தேய்வது அந்த நூல்தான். அது அறுந்ததும் தங்கம் கொத்துக்கொத்தாகத் தொங்கும்.

பழந்துணி:

லினன்பித்தன் செய்முறையை முடித்துவிட்டார். மாதிரியைப் பற்றிச் சில திருத்தங்கள்.

சியோன் கோப்பை வைத்துத் தங்கப் பின்புலம் போடுகிறேன் என்கிறீர்கள். அதன் பின்புலம் தங்கமே இல்லை. 1310-20 காலத்தது, லினன் துணியை ஒரு இடம் விடாமல் மூடிய வேலை. நான்கிதழ்க் கட்டங்களுக்குள் சிவப்பு, கட்டங்களுக்கு வெளியே பச்சை, இரண்டும் பட்டு. விசேஷம் என்னவென்றால், அந்தப் பட்டுப் பின்புலமே அடிப்பக்கக் கவுச்சிங்கில்தான் போடப்பட்டிருக்கிறது. சிவப்பு இப்போது வெளிறிப்போய்ப் பழுப்பு கலந்த ரோஸ் நிறத்தில் இருப்பதால் போட்டோவில் பழைய தங்கம்போல் ஏமாற்றும். வெள்ளியும் தங்கமுலாம் பூசிய வெள்ளியும் உருவங்களின் ஆடைகளில் வரும். அந்த வண்ணத் திட்டமே வேண்டுமென்றால் தங்கச் செலவே பெரிதாக மிச்சம். தங்கப் பின்புலம்தான் வேண்டுமென்றால் வேறு மாதிரி பாருங்கள்.

தங்கப் பின்புலம் போட்டால் வெறுமனே வரிசை வரிசையாக விடாதீர்கள். அந்தக் கைவினைஞர்கள் புள்ளிகளின் இடத்தை மாற்றியே உருவம் வரைந்தார்கள். அடுத்தடுத்த வரிசையில் அரைத்தூரம் தள்ளினால் செங்கல் கட்டு. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே அளவு தள்ளிக்கொண்டே போய், எட்டாவது வரிசையில் திசையைத் திருப்பினால் ஜிக்ஜாக் கோடு. தேர்ந்தவர்கள் இப்படியே சிங்கம், சுருள்கொடி எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். வண்ணம் கிடையாது, பள்ளத்தில் விழும் நிழல் மட்டும்தான். எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேர்கோட்டில் அடுக்கினால் துணி அந்தக் கோட்டில் மட்டுமே மடங்கும். உடுத்துகிற துணிக்கு அது ஆகாது.

முகத்துக்கு வருவோம். அது செயின் ஸ்டிச் இல்லை, ஸ்ப்ளிட் ஸ்டிச். போட்டோவில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், பின்பக்கம் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். ஒரு சின்னத் தையல் போட்டு, அடுத்த தையலுக்கு ஊசியைக் கீழிருந்து முந்தைய தையலின் நடுவைப் பிளந்து மேலே எடுக்கவேண்டும். தையலின் நீளம் 1 முதல் 2 மி.மீ., கண் இமையிலும் உதட்டிலும் இன்னும் குறைவு. ஆரி ஊசியால் கண்ணி கோத்தால் கோடு தடித்துப் புடைக்கும், கன்னத்துக்கு அது ஆகவே ஆகாது.

நூல் முறுக்கில்லாத பட்டாக இருக்கவேண்டும். ஆங்கர் காட்டன் நூலைப் பிளக்கும்போது பஞ்சு எழும்பும், மினுமினுப்பும் வராது. இந்த வேலையின் சூட்சுமமே மினுமினுப்புதான். முதலில் கறுப்பு அல்லது கரும்பழுப்பில் மூக்கு, கண், உதட்டுக் கோடுகள். பிறகு கன்னத்தின் நடுப்புள்ளியில் தொடங்கி, வரிசைகளைச் சுருளாக வெளியே வளர்த்துப் போகவேண்டும். ஒரே நிறப் பட்டுதான், ஆனால் இழையின் திசை சுற்றிச்சுற்றி மாறுவதால் வெளிச்சம் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் விழும், கன்னம் உருண்டு நிற்கும். நெற்றியை மட்டும் புருவத்தின் வளைவைத் தொடர்ந்து நிரப்புங்கள். எல்லாம் குறுக்குவாட்டில் போட்டால் முகம் தட்டையாகிவிடும். முடியிலும் தாடியிலும் நிறங்களை மாற்றி மாற்றிப் பட்டைகளாகப் போடுவார்கள். நீலமும் வெள்ளையும் கலந்த தாடியைப் பார்த்து யாரும் மிரளவேண்டாம்.

வரிசைக்கிரமம்: முகத்தைப் பட்டில் முடித்துவிட்டுத் தங்கத்தைப் போடுங்கள். தங்கத்தை முதலில் முடித்தால் முகம் தைக்கும் கை அதன்மேல் உரசி முலாம் மங்கும். தங்கம் போடும்போது முடித்த முகத்தின்மேல் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைத் தைத்து மூடிவிடுங்கள்.

வெல்வெட்ராணி:

படிக்க நல்லா இருக்கு. ஆனா இதெல்லாம் மடத்துல கன்னியாஸ்திரீகள் ஜெபம் பண்ணிக்கிட்டே வருஷக்கணக்கா செஞ்சது. சம்பளத்துக்கு நாம செஞ்சா கட்டுப்படியாகுமா? வெல்வெட்ல நேரா இதைப் போட முடியுமா, அதையும் சொல்லுங்க. என்கிட்ட வர்ற ஆர்டர் எல்லாம் வெல்வெட்லதான் வருது.

பழந்துணி:

கன்னியாஸ்திரீகள் கதை பரவலாக ஓடுகிறது, ஆனால் 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் பெரிய வேலைகளுக்கு அது பொருந்தாது. லண்டனில் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடந்த பட்டறைகள் அவை. ஆண்களும் பெண்களும் வேலை செய்தார்கள், முதல் போட்டவர்கள் வியாபாரிகள். மூன்றாம் ஹென்றி அரசருக்காக 1240-களை ஒட்டி வேலை செய்த பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர் மேபல் என்ற பெண்ணின் பெயர் அரசுக் கணக்குகளிலேயே திரும்பத்திரும்ப வருகிறது. அதே அரசர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயப் பலிபீடத்துக்குச் செய்வித்த முன்திரை 1271-இல் முடிந்தது. நான்கு பெண்கள் மூன்றேமுக்கால் வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி போட்டுத்தான்.

சியோன் கோப்பின் பெயரும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். சியோன் என்ற கன்னியாஸ்திரீகள் மடம் தொடங்கப்பட்டதே 1415-இல். கோப் அதற்கு நூறு வருஷம் மூத்தது. அந்தச் சகோதரிகள் அதைத் தைக்கவில்லை, காப்பாற்றினார்கள். மதச் சீர்திருத்தக் காலத்தில் இங்கிலாந்தில் எத்தனையோ உடைகள் தங்கத்துக்காக எரிக்கப்பட்டன, அறுத்து விற்கப்பட்டன. இவர்கள் இதை எடுத்துக்கொண்டு நாடு கடந்து போர்ச்சுகலின் லிஸ்பன் வரை போய், 19-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மியூசியம் வாங்கியது 1864-இல்.

கிராக்கி எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று: 1246-இல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்ட், இங்கிலாந்துக் குருக்கள் போட்டிருந்த தங்க வேலையைப் பார்த்துவிட்டு, எங்கே செய்தது என்று கேட்டு, அங்குள்ள சிஸ்டர்சியன் துறவுசபை மடத்தலைவர்களுக்கு எனக்கும் அனுப்புங்கள் என்று எழுதினார். வரலாற்றை எழுதிவைத்த மேத்யூ பாரிஸ் என்ற துறவி, இதில் லண்டன் வியாபாரிகளுக்குத்தான் சந்தோஷம், சொன்ன விலைக்கு விற்றார்கள் என்று கொஞ்சம் கடுப்போடு குறித்திருக்கிறார். 1295-இல் எடுத்த பாப்பரசர் கருவூலப் பட்டியலில் இங்கிலாந்து வேலை நூறு தடவைக்கு மேல் வருகிறது.

வெல்வெட்டில் முடியும். 1330-50 காலத்து பட்லர்-பௌடன் கோப் சிவப்பு வெல்வெட்டில்தான் இருக்கிறது. முத்து வைத்தது, பின்னால் கண்டதுண்டமாக வெட்டித் திரும்ப ஒட்டவைத்தது. நேரடியாகத் தைத்தால் வெல்வெட்டின் மயிர் தையலை ஒரு பக்கம் தள்ளும், ஸ்ப்ளிட் ஸ்டிச் மயிருக்குள் புதைந்து காணாமல் போகும். அதனால் உருவம் வரும் இடத்தில் மட்டும் வெல்வெட் மேல் மெல்லிய பட்டுத்துணியையோ லினனையோ வைத்து, அதில் படத்தை வரைந்து, மேல்துணி, வெல்வெட், அடியில் லினன் என மூன்றையும் சேர்த்துத் தைக்கவேண்டும். முடிந்தபின் உருவத்துக்கு வெளியே மிஞ்சும் மேல்துணியை ஓரத்தோடு கத்தரித்துவிடலாம். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

ஆர்டருக்குக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் 15-ஆம் நூற்றாண்டு வழியைப் பிடியுங்கள். 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு இங்கிலாந்திலேயே அடிப்பக்கக் கவுச்சிங் மெல்ல வழக்கொழிந்தது. தனி லினனில் சம்மனசு (தேவதூதர்), பூ என்று தைத்து, வெட்டியெடுத்து, வெல்வெட்டில் பதித்து, சுற்றிலும் தங்கநூலால் கதிர்களும் கொடிகளும் இழுத்து ஒப்பேற்றினார்கள். வேகமான வேலை. தூரத்தில் பார்க்க அழகுதான். பழைய முகங்கள் அதில் வராது.

ஊசிக்கண்:

இரண்டு பேருக்கும் நன்றி. வண்ணத் திட்டத்தை விட்டு, தங்கப் பின்புலத்தையே வைத்துக்கொள்கிறேன். 10 செ.மீ. சதுரத்துக்குப் பாஸிங் நூல் எத்தனை மீட்டர் வாங்கவேண்டும்? முடித்தபின் ஸ்டோலாவில் எப்படிப் பொருத்துவது, அயர்ன் பண்ணலாமா? படத்தில் முழு உருவம் போட நினைத்தால் கோப்பிலிருந்து அப்படியே எடுக்கலாமா?

லினன்பித்தன்:

கணக்கு சுலபம். நூலின் பருமன் 0.3 மி.மீ. என்று வையுங்கள். 100 மி.மீ. அகலத்தில் 330 வரிசை வரும், ஒவ்வொன்றும் 10 செ.மீ., ஆக 33 மீட்டர். 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்றால் வரிசைக்கு 25, மொத்தம் 8,250 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் 1 முதல் 1.5 மி.மீ. நூலை விழுங்கும், அதாவது இன்னும் 8 முதல் 12 மீட்டர். நடுவில் தலை வருகிற இடத்தைக் கழிக்காமல் 50 மீட்டராக வாங்கிவிடுங்கள். ஒரே சுருளிலிருந்து எடுங்கள். வேறு வேறு சுருளின் முலாம் நிறம் ஒத்துப்போகாது, நடுவில் கோடு விழும். மேல்பக்கக் கவுச்சிங்குக்கு எழுதிய கணக்கைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கண்ணி நீளத்தை விட்டுவிட்டுத்தான் கடைசி இரண்டு விரல்கடை அகலத்துக்கு நூலில்லாமல் நிற்கிறார்கள்.

அயர்ன் தொடவே கூடாது. தகடு நசுங்கும், பள்ளங்களின் நிழல் போய்விடும். ஃப்ரேமிலிருந்து கழற்றுவதற்கு முன் பின்பக்கம் மெல்லிய கோதுமைப் பசை தடவுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கண்ணிகள் விறைத்துக் கீல் வேலையே கெட்டுப்போகும், பூச்சியும் வரும். துணியும் நூலும் சரியாக இருந்தால் பசை தேவையில்லை.

கழற்றியதும் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. லினன் விட்டு வெட்டி, பின்னால் மடித்து ஹெர்ரிங்போன் தையலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டோலாவின் பட்டுக்கு அடியில் வேறு ஒரு லினன் பட்டை முழுநீளத்துக்கும் ஓடவேண்டும். இல்லையென்றால் தங்கத்தின் கனம் முழுவதும் பட்டில் தொங்கி நுனியில் கிழியும். அடித்துணியை இறுக்கித் தைக்காதீர்கள், நீளத்தில் இரண்டு மூன்று மி.மீ. தளர்வு இருக்கட்டும். வைக்கும்போது மடிக்காமல், அகலமான குழாயில் தங்கம் வெளிப்பக்கம் வரும்படி டிஷ்யூ தாளோடு சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் தங்கநூல் நெருக்குண்டு மேலே எழும்பும்.

முழு உருவம் பற்றிப் பழந்துணி சொல்லட்டும்.

பழந்துணி:

அப்படியே எடுக்காதீர்கள். கோப் என்பது மார்பில் கொளுவி மாட்டும் அரைவட்ட மேலங்கி. சியோன் கோப் சுமார் 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். அதில் உருவங்களின் தலையெல்லாம் கழுத்து மையத்தைப் பார்த்து விசிறி மாதிரி அமைந்திருக்கும். தட்டையாக விரித்த போட்டோவில் ஓரத்து அப்போஸ்தலர்கள் சாய்ந்து கிடப்பார்கள். உடுத்தினால்தான் தோளிலும் கைப்பக்கத்திலும் நிமிர்வார்கள். ஸ்டோலாவுக்கு முதுகின் நடுவரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள், அவர்கள் மட்டும் நேர்க்குத்தாக நிற்பார்கள்.

சுற்றியுள்ள கட்டமும் வளைவை ஒட்டிக் கொஞ்சம் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். அதை அளவெடுத்துச் சதுரத்தில் வைத்தால் ஒரு பக்கம் கனத்துத் தெரியும். கட்டத்தை நீங்களே காம்பஸில் புதிதாகப் போட்டு, உள்ளே உருவத்தை மட்டும் வரையுங்கள். 10 செ.மீ.க்குள் முழு உருவம் வைத்தால் முகம் ஒன்றரை செ.மீ.தான் வரும், கன்னச் சுருளுக்கு ஐந்தாறு சுற்றுதான் இடம் இருக்கும். முதல் துண்டுக்குத் தலை மட்டுமே போதும். 5 செ.மீ. உயரத்தில் போடுங்கள்.